செல்வியின் ரத்தத்தில் நீலப் புள்ளிகள்

இனி எங்கள் வேனில் டாக்டர் வரமாட்டாராம். வேனுக்குள் பெரிய திரை ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். இப்போதைய டாக்டர் திருச்சி தில்லை நகரில் தம் அறையில் உட்கார்ந்தபடியே அதில் வருவார். ரத்தப் பரிசோதனைக்கும் உள்ளங்கை அளவில் ஒரு கருவி வந்துவிட்டது. ஒரு சொட்டு விட்டால் போதும், அதுவே அணுக்களை எண்ணிச் சொல்லிவிடும். புது வேனைப் பார்க்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் பார்த்த வேலையை இப்போது பார்க்கும் பெண், "அக்கா, இது எதுவும் இல்லாம நீங்க வண்டிக்குள்ள என்னதான் பண்ணீங்க?" என்று கேட்டாள். அதில் கேலி இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் ஏதோ மழுப்பிவிட்டு வந்தேன். காட்டூரில் என் வீட்டுக்குப் பஸ்ஸில் திரும்பும்போதுதான் சொல்ல வேண்டியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

நான் லேப் டெக்னீஷியன். தஞ்சாவூரில் படித்தேன். திருச்சியில் ஒரு நர்சிங் ஹோமில் சில வருடங்கள் சிறுநீரும் சளியுமாகப் போயின. அந்தக் காலத்தைப் பற்றி அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு ஓர் அறக்கட்டளையின் மருத்துவ வேனில் சேர்ந்தேன். ஊர்க்காரர்களுக்கு அது 'ஆஸ்பத்திரி வண்டி'. பச்சைமலை அடிவாரம், மணப்பாறைப் பக்கத்து மானாவாரி ஊர்கள், கொள்ளிடத்தின் வடகரை என்று நாளுக்கு ஒரு திசையாகப் போவோம். வண்டியில் மூன்று பேர்: டிரைவர் யூசுப் பாய், நான், டாக்டர் ரங்கநாயகி.

மேடம் ஸ்ரீரங்கத்துக்காரர். காலையில் அம்மா மண்டபம் சாலையில், நெற்றியில் சன்னமான ஸ்ரீசூர்ணமும் கையில் தயிர்சாத டப்பாவுமாக ஏறிக்கொள்வார். நான் பார்த்த மற்ற டாக்டர்கள் எல்லாரும் நோயாளி உட்கார்ந்ததும் "என்ன செய்யுது?" என்றுதான் கேட்பார்கள். இவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "நேத்து காலையில முழிச்சதுலேர்ந்து என்னென்ன பண்ணீங்க, சொல்லுங்க" என்பார். முதலில் எல்லாரும் சிரிப்பார்கள். பிறகு சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். வெளியே வரிசை நீளும், எனக்குப் பொறுமை போகும்.

"ஏன் மேடம் இப்படிச் சுத்தி வளைக்கணும்?" என்று ஒருமுறை கேட்டே விட்டேன்.

"வியாதிய கேட்டா, நமக்குப் புரியற மாதிரி அவாளே ஒரு கதை பண்ணிச் சொல்லிடுவா, வசந்தா. நேத்திக்கு நடந்தத அப்படிப் பண்ண முடியாது" என்றார்.

அவருக்கு எல்லாவற்றிலும் 'ஏன்' என்றொரு கேள்வி இருந்தது. மணப்பாறைப் பக்கம் ஓர் ஊரில் நாங்கள் எப்போது போனாலும் வேனுக்கு ஆள் வராது. ஊருக்கு நடுவில், புளியமரத்து நிழலில், நல்ல இடத்தில்தான் நிறுத்துவோம். இரண்டு கிழவர்கள் வந்து ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு போவார்கள். "இந்த ஊர்ல எல்லாரும் சௌக்கியமா இருக்காங்க போல. பட்டியல்லேர்ந்து எடுத்துடலாம்" என்றார் யூசுப் பாய். மேடம் செருப்பை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்துவிட்டு வந்தார். எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்ததாம். ஊர் மொத்தமும் நூறு நாள் வேலையில், ஏரிக்குள் இருந்தது. வேனை ஏரிக்கரைக்கு ஓட்டச் சொன்னார். அன்று மாலை வரை எனக்குக் கையைக் கழுவ நேரம் இல்லை. மண்வெட்டியும் கூடையுமாக வரிசையில் நின்ற பெண்களில் ஒருத்தி, "நாங்க வீடு திரும்பற நேரம் உங்க வண்டி போயிருக்கும். இந்த ஊர் ஆளுங்கள உங்களுக்குப் புடிக்காதோன்னு நெனச்சோம்" என்றாள்.

வேனுக்குள் மைக்ராஸ்கோப் வைத்துப் பார்ப்பது ஒரு தனி வித்தை. யாராவது படியில் கால் வைத்தால் போதும், கண்ணுக்குள் ரத்த அணுக்கள் எல்லாம் ஆடும். அதனால் நான் அதைக் கீழே இறக்கி, பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலோ கோயில் மண்டபத்திலோ வெளிச்சம் விழும் பக்கம் வைத்துக்கொள்வேன். அடியில் இருக்கும் கண்ணாடியைச் சூரியனை நோக்கித் திருப்பினால் விளக்கே வேண்டாம். மேகம் வந்தால் வேலை நிற்கும். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்து, கண்ணாடிச் சில்லில் வைத்து, இன்னொரு சில்லால் ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். நாக்கு வடிவத்தில் மெலிந்து முடிய வேண்டும். உலர்ந்த பிறகு சாயம் ஊற்றி, ஊறவிட்டு, தண்ணீரில் அலசினால் அணுக்கள் நிறம் காட்டும்.

செல்வியை நான் அப்படித்தான் அறிந்துகொண்டேன், அவள் முகத்தைவிட அவள் ரத்தத்தின் வழியாக.

கொள்ளிடத்தின் வடகரையில் மீன் பிடிப்பவர்கள் வாழும் சின்ன ஊர் அது. செல்வி இருபத்தைந்தைத் தாண்டியவள், மெலிந்த உடம்பு, வெற்றிலை போட்டுப் போட்டுச் சிவந்த வாய். அடிக்கடி வயிற்றைப் பிசைந்துகொண்டு சுருண்டுவிடுவாள். ஏற்கெனவே ஓர் ஆஸ்பத்திரியில் குடல்வால் என்று அறுத்து எடுத்திருந்தார்கள். அதன்பிறகும் வலி வந்தது. இரண்டு கர்ப்பம் தங்காமல் போயிருந்தது. ரத்தமில்லை என்று நாங்கள் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை எதுவும் ஏறவில்லை.

கூட வந்த மாமியார் எங்கள் முன்னாலேயே சொன்னார்: "மாத்திரைய ஆத்துல போட்டுட்டு வந்து நடிக்கிறாம்மா இவ. வேலைக்கு வளைய மாட்டா. லால்குடியில அவங்க அம்மா வீட்டுக்கே அனுப்பிடலாம்னு எம்மவன்கிட்ட சொல்லிட்டேன்."

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் மடியில் நான்கு வயதுப் பெண் குழந்தை யாழினி, சோகை பிடித்து வெளுத்துப் போய், எதற்கெடுத்தாலும் சிணுங்கிக்கொண்டு. அந்த வயதில் கோவையாகப் பேச வேண்டிய குழந்தை, ஒற்றை ஒற்றைச் சொல்லாகத்தான் பேசினாள்.

மேடம் மாமியாரை விட்டுவிட்டு செல்வியைப் பார்த்து, "மாத்திரை சாப்பிடற நாள்ல வெளிக்கிப் போனா எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"கன்னங்கரேல்னு இருக்குங்க. தார் மாதிரி."

மேடம் என் பக்கம் திரும்பினார். "இரும்பு உள்ள போனாத்தான் அப்படி ஆகும். ஒழுங்கா சாப்பிட்டிருக்கா. பொய் சொல்லலை." பிறகு, "சாப்பிட்டும் ஏறலேன்னா ஏன்? அணு எப்படி இருக்குன்னு பாரு வசந்தா" என்றார்.

பார்த்தேன். சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறியிருந்தன, எதிர்பார்த்ததுதான். ஆனால் சில அணுக்களுக்குள் பொடிப்பொடியாக நீலப் புள்ளிகள். மாவில் கடுகுத் தூள் விழுந்த மாதிரி. படிக்கும் காலத்தில் ஒரு பழைய ஸ்லைடில் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன். சாயம் கெட்டுப்போனாலும் இப்படிப் புள்ளி விழும் என்று எங்களைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். ஆகவே புதுச் சாயம் எடுத்தேன். செல்வியின் ரத்தத்தில் இன்னொரு சில்லு இழுத்தேன். பக்கத்திலேயே என் விரலையும் குத்தி என் ரத்தத்தையும் இழுத்து, இரண்டுக்கும் ஒரே சாயத்தை ஒன்றாக ஊற்றினேன். என்னுடையது சுத்தமாக இருந்தது. அவளுடையதில் அதே புள்ளிகள். சாயக் குப்பை என்றால் அணுவுக்கு வெளியேயும் சிதறியிருக்கும். இது அணுவுக்குள் மட்டும் இருந்தது.

மேடத்தைக் கூப்பிட்டேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தாழ்வாரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஸ்லைடை நகர்த்தி நகர்த்தி ரொம்ப நேரம் பார்த்தார்.

"பரம்பரையா வர்ற ரத்த வியாதியா இருக்கலாம். ஈயமாவும் இருக்கலாம்" என்றார் மெதுவாக. "குழந்தைக்கும் போடு."

யாழினியின் விரலைக் குத்தினேன். அதே நீலப் புள்ளிகள்.

ஈயம் உடம்பில் ஏறினால் ஈறில் ஒரு நீலக்கோடு தெரியும் என்று மேடம் செல்வியின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். வெற்றிலைக் கறையில் ஒன்றும் தெரியவில்லை. இருவர் ரத்தத்தையும் குழாயில் அடைத்து சென்னைக்கு அனுப்பினோம். வயிற்றுவலிக்கு யாரோ கொடுத்த சிவப்புப் பொடியை செல்வி தேனில் குழைத்துச் சாப்பிட்டு வந்தாள். அதில்தான் இருக்கும் என்று மேடத்துக்குப் பலமான எண்ணம். அந்தப் பொடியிலும் கொஞ்சம் அனுப்பினோம்.

சென்னையிலிருந்து பதில் வந்தபோது எங்களுக்கு இரண்டு ஆச்சரியம். தாய்க்கும் பிள்ளைக்கும் ரத்தத்தில் ஈயம் நாங்கள் நினைத்ததைவிட மிக அதிகம். பொடியில் ஈயமே இல்லை.

அதே வாரம் யாழினிக்கு வலிப்பு வந்தது. அவள் அப்பா மாரிமுத்து தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்து, கிடைத்த வண்டியில் ஏறி, திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். ஈயத்தை இழுத்து வெளியேற்றும் ஊசியைப் போட ஆரம்பித்தார்கள். மேடம் வார்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வேனில் ஏறினார். பாலம் தாண்டும்போது சொன்னார்.

"மருந்து குடுத்து இறக்கிடுவா. ஆனா அந்தக் குழந்தை திரும்பப் போறது அதே வீட்டுக்குத்தானே? எங்கேர்ந்து வருதுன்னு தெரியாம அனுப்பினா மறுபடி ஏறும். இன்னொரு வலிப்பத் தாங்குமா?"

எனக்கும் அதே கேள்விதான் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. நான்கு பேரும் ஒரே பானைச் சோறு, ஒரே அடிபம்புத் தண்ணீர். மாரிமுத்துவின் ரத்தத்தில் தேடித்தேடி ஓரிரு புள்ளிதான் பார்த்தேன். மாமியாருக்கு ஒன்றுகூட இல்லை. அப்படியானால் தாயும் மகளும் மட்டும் தனியாக எதைத் தின்றார்கள்? கண்மையைப் பார்த்தோம். மஞ்சள்தூளைப் பார்த்தோம். விளையாட்டுச் சாமான் பெயின்ட்டைச் சுரண்டினோம். மேடம் தன் வழக்கமான கேள்வியையும் கேட்டிருந்தார். செல்வி ஒழுங்காகத்தான் சொல்லியிருந்தாள்: வாசல் தெளித்தேன், தண்ணி பிடிச்சேன், சோறாக்கினேன், மீன் கழுவினேன், துணி துவைச்சேன், மத்தியானம் சும்மா உக்காந்திருந்தேன், சாயங்காலம் விளக்கு வச்சேன்.

மாமியாரைக் குழந்தைக்குக் காவலாக வார்டில் உட்காரவைத்துவிட்டு, செல்வியை ஒரு பகல் மட்டும் வேனில் ஊருக்கு அழைத்துப் போனோம். மாரிமுத்துவும் வந்தார்.

வீட்டு வாசலில் மேடம் சொன்னார்: "இன்னிக்கு நீங்க எதுவும் சொல்ல வேண்டாம் செல்வி. அன்னிக்குச் சொன்னதெல்லாம் செஞ்சு காட்டுங்க. நாங்க பாத்துண்டு நிக்கறோம்."

செல்விக்குக் கூச்சமாக இருந்தது. வாசலில் தண்ணீர் தெளிப்பதுபோல் கையை வீசினாள். மேடம் விடவில்லை. "வாளி எங்க? எடுங்க. நெஜமாவே தெளிங்க." தெளித்தாள். அடிபம்பை அடித்தாள். அடுப்புப் பற்றவைத்தாள். மேடம் சாம்பலைக் கிளறினார், பாத்திரத்தைத் தட்டிப் பார்த்தார், அரிசிப் பானைக்குள் கையை விட்டார். ஒன்றும் இல்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. மாரிமுத்து பொறுமையிழந்து கூரைக்காலில் சாய்ந்து நின்றார்.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்லீங்க டாக்டரம்மா. சும்மா உக்காந்திருப்பேன்."

"எங்க?"

"அந்தா, வீட்டுக்குப் பின்னால."

"போய் உக்காருங்க."

வீட்டுக்குப் பின்னால் பூவரச நிழலில் போய்க் காலை நீட்டி உட்கார்ந்தாள். நாங்கள் சுற்றி நின்றோம். கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தாள். பிறகு, சும்மா இருக்கத் தெரியாத கை அதுபாட்டுக்குப் பக்கத்தில் கிடந்த வீச்சுவலையை மடிக்கு இழுத்தது. இன்னொரு கை ஒரு பழைய டப்பாவுக்குள் போய், சாம்பல் நிறத்தில் ஒரு துண்டை எடுத்தது. வலையின் விளிம்புக் கயிற்றில் அதைச் சுற்றினாள். குனிந்து, வாயில் வைத்து, கடைவாய்ப் பல்லால் நறுக்கென்று கடித்து இறுக்கினாள். வாயோரம் துடைத்துக்கொண்டு அடுத்த துண்டுக்குக் கையை விட்டாள்.

மேடம் அவள் கையைப் பிடித்தார். "இது என்ன?"

"ஈயமணிங்க. வலை முழுகறதுக்கு."

அதைச் சொன்ன பிறகும் அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. அது அவளுக்கு வேலையே இல்லை. வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்காரும்போது கை செய்வது, அவ்வளவுதான்.

மீதியை மாரிமுத்து சொன்னார். பழைய வண்டி பேட்டரியை உடைத்து, உள்ளே இருக்கும் தகட்டை இரும்புச் சட்டியில் போட்டு, அதே பூவரச நிழலில் உருக்குவார்கள். மணலில் கோடு கிழித்து ஊற்றினால் கம்பியாக உறையும். அதைத் துண்டு துண்டாக வெட்டினால் ஈயமணி. அவர் விடியும் முன் ஆற்றுக்குப் போய்விடுவார். கல்யாணத்துக்குப் பிறகு உருக்குவது, வெட்டுவது, கடிப்பது எல்லாம் செல்விதான். கரையில் மற்றவர்கள் வலைக்கும் அவள்தான் மணி கோத்தாள். புகையும் தூளும் படிகிற இடத்தில், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, டப்பாவில் இருக்கும் மணிகளை வாயில் போட்டு விளையாடியது யாழினி.

"உங்க அம்மா இந்த வேலை செய்யறதில்லையா?" என்று கேட்டேன்.

"அம்மாவுக்குப் பல்லு இல்லீங்களே" என்றார் மாரிமுத்து.

நான்கு பேரில் இரண்டு பேருக்கு மட்டும் ஏன் என்பதற்கு அந்த ஒரு வரியில் பதில் வந்துவிட்டது. மேடம் "பெருமாளே" என்று மட்டும் சொல்லி, மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மேடம் விளக்க விளக்க மாரிமுத்துவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "எங்க அப்பா காலத்துலேர்ந்து இந்த ஈயத்தோடதான் பொழைக்கிறோம். எங்க தொழிலையே குத்தம் சொல்றீங்களா? ஈயம் இல்லாம வலை எப்படிங்க முழுகும்?"

"தொழில விடச் சொல்லலை. உருக்கறதையும் கடிக்கறதையும் விடுங்க."

அவர் டப்பாவைக் கையில் எடுத்தார். குரல் இறங்கிவிட்டது.

"குறடு துருப்பிடிச்சுப் போச்சுன்னு நான்தாங்க பல்லால கடிக்கச் சொல்லிக் குடுத்தேன். கல்யாணம் ஆன புதுசு. இவளும் சிரிச்சுக்கிட்டே கடிச்சா."

"நீங்க வேணும்னா சொன்னீங்க?" என்றாள் செல்வி. அப்போதும் அவள் அவரைத்தான் தேற்றினாள். அதற்குப் பிறகுதான் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வலிக்காக அழவில்லை. "நடிக்கலைன்னு இப்பவாவது நம்புறீங்களா?" என்று அவரிடம் கேட்டுக் கேட்டு அழுதாள்.

பூவரசு அடியில் இருந்த மேல்மண்ணைச் சுரண்டி, ஆட்கள் புழங்காத இடத்தில் ஆழமாகக் குழிவெட்டி மூடினார் மாரிமுத்து. உருக்கும் சட்டியையும் அதிலேயே போட்டார். கடையில் வார்த்து விற்கும் மணியை வாங்கிக் குறடால் நெருக்கப் பழகினார்கள். யாழினி ஊசி முடிந்து வீட்டுக்கு வந்தாள். செல்விக்கும் சிகிச்சை நடந்தது. அடுத்தடுத்த முறை பார்க்கும்போது புள்ளிகள் குறைந்துகொண்டே வந்தன. நாங்கள் கரையோரம் மற்ற ஊர்களுக்கும் போய் வலை கோக்கும் பெண்களின் ரத்தத்தைப் பார்த்தோம். இன்னும் சிலருக்குப் புள்ளி இருந்தது. அவர்கள் மேடம் சொன்னதைக் கேட்கவில்லை. மாரிமுத்து வந்து, தன் பிள்ளைக்கு வலிப்பு வந்த கதையைச் சொன்ன பிறகுதான் கேட்டார்கள்.

மாமியார் ஒருநாள் வேனுக்குத் தனியாக வந்தார். மருந்து எதுவும் வேண்டாம் என்றார். "லால்குடிக்கு அனுப்பலை. அதச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒரு விஷயத்தை மட்டும் மேடம் அவர்களிடம் மறைக்கவில்லை. சின்ன வயதில் ஈயம் ஏறினால் மூளையில் கொஞ்சம் கைவைத்துவிட்டுத்தான் போகும், எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது, என்று நேராகவே சொல்லிவிட்டார். பேச்சு மெதுவாக வரும், பள்ளிக்கூடத்தில் அவசரப்படுத்தாதீர்கள் என்றார்.

புது வேனைப் பார்த்துவிட்டு வந்த மறுவாரம் எனக்கு செல்வியின் ஊருக்குப் போக வேண்டும்போல் இருந்தது, போனேன். ஆற்றில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. செல்வி சதைபிடித்து, ஆளே மாறியிருந்தாள். யாழினிக்குக் கீழே ஒரு தம்பி, ஓடிக்கொண்டே இருக்கிறான். யாழினி பத்தாவது படிக்கிறாள். கணக்கு ஏறவில்லை. ஒரு முறை படித்தது மனதில் நிற்பதில்லை, ஐந்தாறு முறை படிக்க வேண்டியிருக்கிறது. வாத்தியார் திட்டுகிறார். ஆனால் அப்பாவின் பரிசலை அவள் தனியாகவே ஓட்டுகிறாள், எந்த இடத்தில் சுழல், எந்த இடத்தில் மணல்திட்டு என்றெல்லாம் அவளுக்குத் தெரிகிறது.

தென்கரையில் பஸ் பிடிக்க என்னைப் பரிசலில் கொண்டுவிடுவதாகச் சொன்னாள். செல்வியும் ஏறிக்கொண்டாள். பாதி ஆற்றில், மகளுக்குக் கேட்காது என்று நினைத்தாளோ என்னவோ, என் காதருகில் குனிந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்கு வசந்தாக்கா. அந்த ஈயம் மட்டும் இல்லாம இருந்திருந்தா இவ எப்படி இருந்திருப்பா?"

அதைப் பார்த்துச் சொல்ல எந்த ஸ்லைடும் இல்லை, எந்தக் கருவியும் இல்லை. தெரியவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

யாழினி துடுப்பை நிறுத்தவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுப்பவள்போல் நிதானமாகச் சொன்னாள்:

"அந்தப் பொண்ண எனக்குத் தெரியாதும்மா. ரெண்டு பேரும் ஒரே பக்கமா சாயாதீங்க. இந்த எடத்துல இழுப்பு ஜாஸ்தி."

நாங்கள் நகர்ந்து உட்கார்ந்தோம்.